இடி சுழலான கதை

சென்னை வானிலை மையம் மீனவர்களுக்கு விடுக்கும் எச்சரிக்கையைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு ஒரு வாக்கியம் மனப்பாடமாகியிருக்கும். மன்னார் வளைகுடாவில் சூறாவளிக் காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் வீசக்கூடும் என்பதுதான் அது. அதே நாளிதழின் உலகச் செய்திப் பக்கத்துக்குப் போனால் அமெரிக்காவில் சூறாவளி தாக்கி வீடுகள் தரைமட்டம் என்றிருக்கும். முதல் காற்றுக்குப் படகைக் கரையேற்றிக் கட்டிவிட்டு இரண்டு நாள் காத்திருக்கலாம். இரண்டாவது காற்றை 1999-இல் ஓக்லஹோமாவில் ரேடார் கொண்டு அளந்தபோது வேகம் 480 கிலோமீட்டரைத் தாண்டியது. இன்னொரு பக்கம் திருப்பினால் தலைவர் ஒருவர் சூறாவளிச் சுற்றுப்பயணத்தில் இருப்பார். மூன்றுக்கும் ஒரே சொல்.

வானிலைப் பித்துப் பிடித்தவர்களுக்கு இது உறுத்தும். என் பித்து சித்திரை வெயிலில் தொடங்கியது. அறுவடை முடிந்து வெடித்துக் கிடக்கும் வயலில் சருகையும் புழுதியையும் சுருட்டிக்கொண்டு பேய்க்காற்று பனை உயரத்துக்கு எழும். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வார் பாட்டி. நான் விரல் இடுக்கு வழியாகப் பார்ப்பேன். அமெரிக்கச் சமவெளியில் டொர்னேடோ என்ற ஒன்று உண்டு என்று படித்தபோது, இதன் பெரிய அண்ணன் போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். உறவு அப்படி இல்லை. பேய்க்காற்று தரைச்சூட்டில் கிளம்பி மேலே போவது. அதற்கு மேகமே வேண்டாம். டொர்னேடோ இடிமேகத்தின் அடிவயிற்றிலிருந்து இறங்கி மண்ணைத் தொடுவது.

அது பிறக்கும் விதம் இது. மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வரும் ஈரமான வெப்பக்காற்று கீழே, ராக்கி மலைப் பக்கமிருந்து வரும் வறண்ட காற்று மேலே. உயரம் கூடக் கூடக் காற்றின் வேகமும் திசையும் மாறுவதால், நடுவில் உள்ள காற்று பாய் சுருட்டுவதுபோல் கிடைமட்டத்தில் உருளும். மேலெழும் வெப்பக்காற்று அந்தச் சுருளைத் தூக்கி நிமிர்த்தும்போது மேகமே சுழலத் தொடங்குகிறது. அப்படிச் சுழலும் மேகங்களிலும் பல, டொர்னேடோவை இறக்காமலே கலைந்துவிடுகின்றன. இறங்கினாலும் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நம் வங்கக்கடல் புயலோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத்தில் நாள்கணக்கில் நகரும். செயற்கைக்கோள் அதைக் கருவிலேயே பார்த்துவிடும். டொர்னேடோவுக்கு இன்றும் சராசரியாகப் பத்து நிமிட அளவில்தான் எச்சரிக்கை கிடைக்கிறது.

இவ்வளவு தனித்த ஒரு பொருளுக்குச் சொல் எங்கிருந்து வந்தது? சமவெளியிலிருந்து வரவில்லை. கடலிலிருந்து வந்தது.

1550-களில் மேற்கு ஆப்பிரிக்காவின் கினிக் கரைக்குப் பொன்னும் தந்தமும் தேடிப்போன ஆங்கில வணிகர்கள், அட்லாண்டிக்கின் வெப்பமண்டலப் பகுதியில் திடீரென்று இடியும் மின்னலுமாகக் கொட்டித் தீர்க்கும் மழைக்காற்றில் சிக்கினார்கள். அதை 'டெர்னாடோ' என்று எழுதிவைத்தார்கள். ஸ்பானிய மொழியில் 'த்ரோனாடா' என்றால் இடிமழை. 'த்ரோனார்' என்றால் இடித்தல். அந்தச் சொல்தான் ஆங்கில மாலுமியின் வாயில் சிதைந்து இப்படி ஆனதாகச் சொல்லாய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆக, பிறந்தபோது இந்தச் சொல்லில் சுழற்சியே இல்லை. இருந்தது இடி மட்டும்தான்.

சுழற்சி பிறகு புகுந்தது. ஸ்பானிய மொழியிலேயே 'தோர்னார்' என்று வேறொரு வினை உண்டு. திரும்புதல், திருப்புதல் என்று பொருள். இரண்டும் காதுக்கு ஒன்றுபோல் ஒலிக்கும். 17-ஆம் நூற்றாண்டில் எழுதுகிறவர் கைப்படி டெர்னாடோ, டோர்னாத்தோ, டர்னாடோ என்று எழுத்து மாறிக்கொண்டே வந்தது. 'ரோ' இருந்த இடத்தில் 'ஓர்' ஏறி உட்கார்ந்ததும், கேட்டவர்களுக்கு இடி மறந்து திருப்பம் நினைவுக்கு வந்தது. நம் ஊரில் 'மருதை' மருவி 'மதுரை' ஆனது என்பது போல ஊர்ப்பெயர்க் கதைகள் கட்டுகிறோமே, அவற்றில் பாதிக்கு ஆதாரம் கிடையாது. இங்கே மாற்றம் நடந்த தடம் ஏடுகளில் அப்படியே கிடக்கிறது. ஒலி ஒன்று பிசகியது. பொருள் அதன் பின்னால் போனது. ஆனாலும் பழைய பொருள் உடனே சாகவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் இருந்த ஆங்கிலேயர்கள் அங்கே வரிசை கட்டி வரும் இடிமழைக் காற்றை 20-ஆம் நூற்றாண்டிலும் டொர்னேடோ என்றே அழைத்துவந்தார்கள்.

இன்றைய அமெரிக்காவில் பொருள் இருந்தது, சொல் ஒட்டவில்லை. 1755-இல் மேரிலாந்தில் பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் நண்பர்களுடன் குதிரையில் போகும்போது புழுதியைச் சுருட்டிக்கொண்டு ஒரு சுழல் எழுந்தது. மற்றவர்கள் நின்றுவிட, அவர் அதன் பக்கத்திலேயே குதிரையை ஓட்டி, சாட்டையால் அடித்து அதை உடைக்கப் பார்த்தார். சுழல் அசரவில்லை. காட்டுக்குள் புகுந்து சருகுகளை அள்ளிக்கொண்டு போனது. அவரும் முக்கால் மைல் பின்னால் போனார். இப்படிப்பட்ட காற்று உங்கள் ஊரில் வழக்கமா என்று விருந்தோம்பிய கர்னல் டாஸ்கரிடம் கேட்டதற்கு, இல்லை, உங்களுக்காகத்தான் ஏற்பாடு செய்தோம் என்று அவர் கிண்டலடித்தாராம். ஃப்ராங்க்ளின் தம் கடிதத்தில் அதைச் சுழல்காற்று என்ற பொருளில்தான் எழுதுகிறார். டொர்னேடோ என்னும் சொல், மேகத்திலிருந்து தொங்கும் அந்தத் தும்பிக்கைக்கு உரிய பெயராக நிலைபெற அடுத்த நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஆனது.

அதற்குள் போட்டிக்கு இன்னொரு சொல் வந்துவிட்டது. அதன் பிறப்பிடம் கல்கத்தா. அங்கே கடல்வழக்கு மன்றத்துக்குத் தலைவராக இருந்த ஹென்றி பிடிங்டன், கப்பல்களின் பதிவேடுகளைப் படித்துப் படித்து, வங்கக்கடல் புயல்கள் வட்டமாகச் சுழல்கின்றன என்று கண்டு, 1848-இல் மாலுமிகளுக்கென்று ஒரு கையேடு வெளியிட்டார். நேராக அடிக்கும் காற்றுக்கும் சுழன்றடிக்கும் காற்றுக்கும் ஒரே பெயர் இருப்பதால் மாலுமிகள் குழம்புகிறார்கள் என்பது அவர் கவலை. அதற்காகக் கிரேக்கத்தில் பாம்பின் சுருளையும் குறிக்கும் வட்டச்சொல் ஒன்றை எடுத்து 'சைக்ளோன்' என்று வார்த்தார். குழப்பம் தீர்க்கப் பிறந்த அந்தச் சொல் கப்பலேறி அமெரிக்க நடுநிலத்துக்குப் போய் அங்கே புதுக் குழப்பத்தை உண்டாக்கியது. கன்சாஸ் உழவர்கள் டொர்னேடோவைச் சைக்ளோன் என்றார்கள். அது வந்தால் ஒளிய வீட்டுக்கடியில் வெட்டிய குழியைச் சைக்ளோன் நிலவறை என்றார்கள். 1900-இல் வந்த ஃப்ராங்க் பாமின் ஆஸ் மந்திரவாதிக் கதையில் டோரதியை வீட்டோடு தூக்கிப்போவதும் சைக்ளோன்தான். 1939-இல் அது திரைப்படமானபோது பண்ணையாள் அதே காற்றைப் பார்த்து 'ட்விஸ்டர்', அதாவது முறுக்கி, என்று கத்துகிறான்.

மக்கள் எந்தப் பெயரிலாவது அழைத்துக்கொண்டிருக்க, அரசு அலுவலகத்தில் டொர்னேடோ என்ற சொல்லுக்கே பூட்டுப் போடப்பட்டது. இந்தச் சொல்லின் வரலாற்றில் என்னை மிகவும் உலுக்கிய பகுதி இதுதான். 1880-களில் வானிலைப் பணி அமெரிக்க ராணுவத்தின் சிக்னல் படையிடம் இருந்தது. அதில் சார்ஜென்டாக இருந்த ஜான் பார்க் ஃபின்லி, நடந்துமுடிந்த அறுநூறு டொர்னேடோக்களைத் தொகுத்து 1882-இல் அறிக்கை எழுதினார். ஊர்தோறும் பார்த்துச் சொல்ல ஆள்களைச் சேர்த்தார். அந்தப் படை இரண்டாயிரத்தைத் தாண்டியது. 1884-இல் எந்த வட்டாரத்தில் டொர்னேடோ வரலாம், எங்கே வராது என்று கணிக்கத் தொடங்கினார். தம் கணிப்பு 96.6 விழுக்காடு சரி என்று அறிவித்தார். கணக்கு தெரிந்த ஒருவர் குறுக்கே வந்தார். தினமும் கண்ணை மூடிக்கொண்டு டொர்னேடோ வராது என்று சொல்லியிருந்தாலே 98.2 விழுக்காடு சரியாகியிருக்குமே என்றார். ஃபின்லி எச்சரித்த 100 தடவையில் உண்மையில் வந்தது 28 தடவை. அரிதாக வருவதைக் கணிப்பவனை எடைபோடுவது எப்படி என்று வானிலையாளர்கள் இன்றும் பாடம் படிப்பது இந்தக் கணக்கில்தான்.

1880-களின் இறுதிக்குள் மேலதிகாரிகள் முடிவுக்கு வந்தார்கள். டொர்னேடோவால் வரும் சேதத்தைவிட, டொர்னேடோ வரும் என்று சொல்வதால் எழும் பீதியின் சேதம் பெரிது. ஆகவே முன்னறிவிப்பில் அந்தச் சொல் வேண்டாம். வானிலைப் பணி ராணுவத்திடமிருந்து குடிமை நிர்வாகத்துக்கு மாறிய பிறகும் விலக்கு மாறவில்லை. 1905-ஆம் ஆண்டு விதிகளில் டொர்னேடோ முன்னறிவிப்பு கூடாது என்றே எழுதப்பட்டிருந்தது. பெயரைச் சொன்னால் வந்துவிடும் என்று பாம்பை இரவில் 'நல்லது' என்றும் அம்மையை 'அம்மா வந்திருக்கிறாள்' என்றும் சொல்லும் நம் வழக்கம் நினைவுக்கு வருகிறது. நாம் பெயரைத்தான் மாற்றினோம். பாம்பு வருகிறது என்று சொல்வதை நிறுத்தவில்லை.

1925 மார்ச் 18 அன்று மிசௌரியில் இறங்கிய ஒரு டொர்னேடோ இலினாய், இந்தியானா என்று மூன்று மாநிலங்களைக் கடந்தது. மூன்றரை மணி நேரம், 352 கிலோமீட்டர், 695 சாவு. அமெரிக்காவில் ஒரே டொர்னேடோ அதற்கு முன்னும் பின்னும் இவ்வளவு பேரைக் கொன்றதில்லை. அன்றைய முன்னறிவிப்பில் அந்தச் சொல் இல்லை. இருந்திருந்தால் 695 பேரும் பிழைத்திருப்பார்கள் என்று சொல்லிவிட முடியாது. ரேடார் இல்லாத காலம், கணிக்கும் அறிவும் குறைவு. வந்ததும் தும்பிக்கை வடிவில் வரவில்லை. உருண்டு வரும் கரும்புகை போல வந்ததால் பார்த்த பலருக்கே அது இன்னதென்று புரியவில்லை. ஆனால் அறிவு ஏன் குறைவாக இருந்தது என்பதும் கேள்விதான். உச்சரிக்கக் கூடாத ஒன்றைக் கணிக்கக் கற்றுக்கொள்ள யாருக்கு ஆவல் வரும்?

பூட்டை உடைத்தது விமானப்படை. 1948 மார்ச் 20 இரவு ஓக்லஹோமா நகருக்கு அருகிலுள்ள டிங்கர் விமானத் தளத்தை டொர்னேடோ தாக்கி, நிறுத்தியிருந்த விமானங்களை நொறுக்கியது. அன்றிரவு பணியிலிருந்த கேப்டன் ராபர்ட் மில்லர் அதை எதிர்பார்க்கவில்லை. அவரும் மேஜர் எர்னஸ்ட் ஃபாபுஷும் பழைய வானிலை வரைபடங்களைக் கிளறி, டொர்னேடோ நாள்களின் அடையாளங்களைத் தேடினார்கள். ஐந்தே நாளில், மார்ச் 25 அன்று, வரைபடம் அச்சு அசலாக அதேபோல் வந்து நின்றது. ஒரே இடத்தில் ஒரு வாரத்தில் இரண்டு முறை டொர்னேடோ வருவதற்கான வாய்ப்பு எள்ளளவு. இருந்தும் தளபதி கேட்க, பிற்பகலில் எச்சரிக்கை விடுத்தார்கள். விமானங்கள் கொட்டகைக்குள் போயின. மாலையில் டொர்னேடோ வந்தது. யாருக்கும் காயமில்லை. அதன் பிறகு சொல்லைப் பூட்டிவைக்க முடியவில்லை. 1950 ஜூலையில் வானிலைத் துறைத் தலைவர் ரைக்கெல்டெர்ஃபர் சுற்றறிக்கை அனுப்பி, அந்தச் சொல்லைப் பயன்படுத்தலாம் என்று தெளிவாக்கினார்.

பிற மொழிகள் இந்தக் காற்றுக்கு வேறு உருவம் கண்டன. சீனர்களுக்கு அது டிராகன் சுருட்டும் காற்று; ஜப்பானியர்களுக்குத் 'தத்சுமாகி', டிராகன் சுருள். அந்த மொழிக்காரரான தெத்சுயா ஃபுஜிதாதான் சிகாகோவில் உட்கார்ந்து, இடிந்த வீட்டையும் வேரோடு சாய்ந்த மரத்தையும் பார்த்தே காற்றின் வேகத்தை மதிப்பிடும் அளவுகோலை 1971-இல் உருவாக்கினார். வங்காளிகள் பெரும்புயலுக்குத் தங்கள் சொல்லை வைத்துக்கொண்டு, இதற்கு டொர்னேடோ என்பதையே கடன் வாங்கினார்கள். அவர்களுக்குப் பிரித்துச் சொல்லியாக வேண்டியிருந்தது. 1989 ஏப்ரல் 26 அன்று வங்கதேசத்தின் சாத்தூரியா பகுதியில் இறங்கிய ஒன்று ஏறத்தாழ 1,300 பேரைக் கொன்றது. உலகில் பதிவானவற்றில் அதுவே கொடியது. ஸ்பானியர்களின் கதைதான் வேடிக்கை. தங்கள் த்ரோனாடாவை ஆங்கிலேயரிடம் தொலைத்துவிட்டு, உருமாறிப்போன அதையே 'தோர்னாதோ' என்று திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இடியாகப் போன பிள்ளை சுழலாக வீடு திரும்பியது.

இப்போது நம் சொற்களுக்கு வருவோம். 'சூறை' நம்மிடம் பழஞ்சொல். சுழல்காற்று என்றும் கொள்ளை என்றும் இரு பொருள். சூறையாடுதலில் கொள்ளை இருக்கிறது. கோயில் வாசலில் உடைத்து யார் வேண்டுமானாலும் பொறுக்கிக்கொள்ள விடும் சூறைத்தேங்காயில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. சூறையும் வளியும் கூடியது சூறாவளி. 'புயல்' இன்னும் வியப்பு. திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரத்தில் அது உழவனை வாழவைக்கும் மழை. பிறகுதான் அழிக்கும் காற்றுக்குப் பெயரானது. வங்கக்கடலில் ஒரே வகைக் காற்றுக்கு 1964-இல் நாம் தனுஷ்கோடிப் புயல் என்று பெயர் வைத்தோம். 1978-இல் கிழக்கிலங்கைத் தமிழர் மட்டக்களப்புச் சூறாவளி என்றார்கள். அங்கே சூறாவளிக்கு அதன் முழு எடையும் உண்டு. இங்கே அது மீனவர் எச்சரிக்கையில் 45 கிலோமீட்டர் காற்றாக இறங்கிவிட்டது.

இரண்டு சொற்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். டொர்னேடோ கடலில் திடீர்க் காற்றாகப் பிறந்து கரையில் சுழலாயிற்று. சூறாவளி கரையில் சுழலாகப் பிறந்து கடலில் திடீர்க் காற்றாயிற்று. எதிரெதிர்த் திசையில் பயணம் செய்த இரண்டும் நாளிதழின் மொழிபெயர்ப்பு மேசையில் சந்தித்து, ஒன்றுக்கு ஒன்று ஈடென்று நம்பிவிட்டன. சுழற்காற்று என்றோ சுழிக்காற்று என்றோ தனிச்சொல் வைத்தாலும் சரி, வங்காளிகளைப் போல டொர்னேடோ என்றே எழுதினாலும் சரி. பிரித்துச் சொன்னால் போதும்.

பாட்டியிடம் இந்தக் குழப்பம் இருந்ததில்லை. ஐப்பசி கார்த்திகையில் கடலிலிருந்து வந்து ஓட்டைப் பிய்ப்பது புயல். ஆடியில் அடிப்பது வெறும் காத்து. வயலில் எழுவது பேய்க்காத்து. ஒன்றின் பெயரை இன்னொன்றுக்கு அவர் வைத்ததே இல்லை. 'பேய்க்காத்து' என்று அவர் குரல் கேட்டதும், எந்தப் பக்கம் என்றுகூடப் பார்க்காமல் கண்ணை மூடுவோம். விரல் இடுக்கைத் தவிர.