டிப்போவும் உரக்கடையும்: தமிழக வயலுக்கு மருந்து வந்த வழி

விலை கொடுத்து வாங்கும் வேதிப் பொருள் தமிழக வேளாண்மைக்குள் முதலில் உரமாகத்தான் நுழைந்தது. 1906இல் பாரி நிறுவனம் ராணிப்பேட்டையில் சூப்பர் பாஸ்பேட் ஆலையைத் தொடங்கியது. இந்தியாவின் முதல் ரசாயன உர ஆலை அது. ஆனால் சாதாரணக் குடியானவருக்கும் அந்த ஆலைக்கும் நெடுங்காலம் பெரிய தொடர்பில்லை. நஞ்சையில் கொளுஞ்சியையும் தழையையும் போட்டு மிதித்தார்கள். அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போட்டார்கள். கையில் கொஞ்சம் காசு புரண்டவர்கள் கடலைப் பிண்ணாக்கும் வேப்பம் பிண்ணாக்கும் வாங்கினார்கள்.

பூச்சிக்கு வைத்தியம் இன்னும் எளிமையானது. காய்கறிச் செடிக்குச் சாம்பல் தூவினார்கள். நெல்லில் கூண்டுப்புழு விழுந்தால் மண்ணெண்ணெயில் நனைத்த கயிற்றை இருவர் பிடித்துப் பயிரின் மேல் இழுத்துக்கொண்டு போனார்கள். இரவில் வரப்போரம் விளக்கு வைத்து அந்துப்பூச்சிகளைக் கொன்றார்கள். கோவை வேளாண் கல்லூரியைச் சேர்ந்த பூச்சியியலாளர்கள் இந்த முறைகளைப் பதிவு செய்தார்கள், திருத்தினார்கள், ஊர்களுக்குப் பரப்பினார்கள். 1919இல் சென்னை மாகாணம் வேளாண் பூச்சி, நோய் தடுப்புக்கென ஒரு சட்டமும் இயற்றியது. அதன்படி கோவை வட்டாரத்தில் கம்போடியாப் பருத்திச் செடிகளைக் குறித்த நாளுக்குள் பிடுங்கி அப்புறப்படுத்தியாக வேண்டும். அடுத்த பட்டத்துக்குப் பூச்சி தங்கிப் பெருகாமல் இருக்க இதுவே வழி. செலவு ஏதுமில்லை, ஆனால் ஊரே ஒரே நேரத்தில் செய்தால்தான் பலன். பின்னாளில் வந்த மருந்து இந்தக் கட்டாயத்தை நீக்கியது. பக்கத்து வயல்காரர் என்ன செய்தாலும் தன் வயலைத் தனியே காத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் அதனோடுதான் வந்தது. அந்த எண்ணம் முழுக்க உண்மையில்லை என்று தெரிய முப்பது ஆண்டுகள் பிடித்தன.

இரண்டாம் உலகப் போர்க் காலத்து உணவுத் தட்டுப்பாட்டில், 1944இல், மத்திய உரத் தொகுப்பு ஏற்படுத்தப்பட்டது. கிடைக்கும் உரத்தை மாகாணங்களுக்கு ஒரே சீரான விலையில் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. உரத்தை அரசு பங்கிடுவது என்ற ஏற்பாடு அங்கிருந்து தொடங்குகிறது. போர் முடிந்ததும் மலேரியாக் கொசுவுக்காக டிடிடியும் வெட்டுக்கிளிக்காக பிஎச்சியும் இறக்குமதியாயின. 1952இல் கல்கத்தாவுக்கு அருகே ரிஷ்ராவில் பிஎச்சி ஆலை வந்தது. 1954இல் டிடிடி தயாரிக்க இந்துஸ்தான் இன்செக்டிசைட்ஸ் என்ற அரசு நிறுவனம் உருவானது. இரண்டுமே மலிவான சரக்கு. பிஎச்சி தூளைத் துணியில் கட்டித் தட்டிவிட்டாலும் பூச்சி விழும், கருவிகூடத் தேவையில்லை. அடுத்துவந்த என்ட்ரினும் பாரத்தியானும் பலமடங்கு கடுமையானவை. இவற்றைக் கையாள என்ன பாதுகாப்பு வேண்டும் என்பதற்கு நாட்டில் அப்போது தனிச் சட்டமே இல்லை.

1958இல் அதன் விலை தெரிந்தது. உணவுப் பொருளோடு ஒரே கப்பலில் ஏற்றிவந்த பாரத்தியான் கசிந்து மாவில் கலக்க, கேரளத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விசாரணை, நிபுணர் குழு என்று பத்தாண்டுகள் நகர்ந்த பிறகு 1968இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் நிறைவேறி, 1971இல் நடைமுறைக்கு வந்தது. மருந்தைப் பதிவு செய்யாமல் விற்கக் கூடாது, விற்பவருக்கு உரிமம் வேண்டும், டப்பாவில் நச்சுத்தன்மையைக் காட்டும் நிறக்குறி வேண்டும் என்பவை அதன் சாரம். மிகக் கொடிய நஞ்சுக்குச் சிவப்பு, அடுத்ததற்கு மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. படிப்பறியாதவரும் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக வந்த இந்தக் குறியின் பொருளை விற்கும்போது எடுத்துச் சொல்லும் பழக்கம் மட்டும் வேரூன்றவில்லை.

இதற்கிடையே தஞ்சாவூரில் ஒரு பெரிய மாற்றம் நடந்துகொண்டிருந்தது. 1960–61இல் ஃபோர்டு அறக்கட்டளை உதவியோடு தொடங்கிய தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்கு முதலில் தேர்வான ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூர் ஒன்று. ஊரில் அதற்குப் பேக்கேஜ் திட்டம் என்றுதான் பெயர். விதை, உரம், மருந்து, கடன், ஆலோசனை எல்லாவற்றையும் சேர்த்தே கொடுப்பது அதன் அடிப்படை. சரக்கு கூட்டுறவுச் சங்கம் வழியாகவும் வேளாண் துறை டிப்போ வழியாகவும் வந்தது. பயிர்க்கடனில் ஒரு பகுதி பணமாகவும் மற்றொரு பகுதி உர மூட்டையாகவும் கிடைத்தது. கிராம சேவக் வயலுக்கு வந்து எந்தப் பயிருக்கு எவ்வளவு என்று சொல்வார். பொருளும் அறிவுரையும் ஒரே கையிலிருந்து, லாப நோக்கமில்லாமல் வந்த காலம் இது. திட்டத்தில் குறைகள் உண்டு. ஆனாலும் இந்த அமைப்பை இவ்வளவு எளிதாகக் கைவிட்டிருக்கக் கூடாது.

குறைகளில் பெரியது குத்தகைதாரர் நிலை. நிலச்சீர்திருத்த அறிஞர் வுல்ஃப் லடெஜின்ஸ்கி பேக்கேஜ் மாவட்டங்களின் குத்தகை நிலைமையை ஆராய்ந்து 1963இல் அறிக்கை கொடுத்தார். வாய்மொழிக் குத்தகையில் பயிரிடுவோரிடம் காட்டுவதற்கு ஆவணம் இல்லை. அதனால் கூட்டுறவுக் கடன் இல்லை. கடன் இல்லாததால் உரமும் மருந்தும் அவர்களுக்கு எட்டவில்லை. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969இல் தமிழகம் தனிச் சட்டம் கொண்டுவந்தது. பதிவு செய்தால் நிலத்தையே விடவேண்டி வருமோ என்ற அச்சத்தில் பலர் பதிவுக்கு வரவில்லை.

1965–66இல் குறுவைக்கு ஏற்ற ஆடுதுறை 27 பரவியது. அதன்பின் ஐஆர் 8, ஐஆர் 20. உரத்தை ஏற்று விளைச்சல் தரும் இந்த ரகங்கள் வந்ததும் உரத்தேவை பெருகியது. மணலியிலும் தூத்துக்குடியிலும் பெரிய உர ஆலைகள் எழுந்தன. தழைச்சத்து மிகுந்து கரும்பச்சையாக அடர்ந்து நின்ற பயிருக்குள் பூச்சியும் பெருகியது. 1970களில் புகையான் பூச்சி ஆசிய நெல்வயல்களை வட்டம் வட்டமாகக் காயவைத்தபோது ஆராய்ச்சியாளர்கள் ஒரு உண்மையைக் கண்டார்கள். அடித்த மருந்து, புகையானைத் தின்னும் சிலந்திகளையும் பிற நன்மை செய்யும் பூச்சிகளையும் முதலில் அழித்தது. இயற்கை எதிரிகள் இல்லாத வயலில் மிஞ்சிய புகையான் முன்னிலும் வேகமாகப் பெருகியது. பூச்சியைக் கண்டால் உடனே அடி என்பதை விட்டு, வயலில் எந்தப் பூச்சி எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிப் பார்த்து, பொருளாதாரச் சேத நிலையைத் தாண்டினால் மட்டும் அடி என்ற ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மையை 1985இல் இந்திய அரசு கொள்கையாக ஏற்றது. இந்தோனேசியா அடுத்த ஆண்டே நெல்லுக்கான 57 மருந்துகளைத் தடை செய்து, உழவர் வயல்வெளிப் பள்ளிகளைப் பெருமளவில் நடத்தியது. இங்கே கொள்கை இருந்தது. அதை ஊருக்குக் கொண்டுபோகும் ஆள்பலம் அந்த அளவுக்கு இல்லை.

ஆள்பலம் இல்லாத அதே காலத்தில்தான் மருந்து ஏராளமாகவும் மலிவாகவும் கிடைக்கத் தொடங்கியது. இதற்குச் சட்டரீதியான இரண்டு காரணங்கள் உண்டு. 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மனித மருந்தோடு பூச்சிக்கொல்லியையும் களைக்கொல்லியையும் சேர்த்தே வரையறுத்தது. அவற்றின் செய்முறைக்கு மட்டுமே காப்புரிமை, பொருளுக்கு இல்லை. வேறு செய்முறையைக் கண்டுபிடித்த இந்திய நிறுவனம் அதே மருந்தைத் தாராளமாகத் தயாரிக்கலாம். 2005இல் சட்டம் திருத்தப்படும்வரை இது நீடித்தது. மற்றொன்று பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் 9(4) பிரிவு: ஒரு மருந்தை ஒருவர் பதிவு செய்துவிட்டால், அதே நிபந்தனைகளில் பிறரும் பதிவு பெறலாம். மோனோகுரோட்டபாஸ், குளோர்பைரிபாஸ், சைபர்மெத்ரின் போன்றவை பல பெயர்களில், பல விலைகளில் கடைகளை நிறைத்தது இப்படித்தான். ஏழை உழவருக்கு இது உண்மையான நன்மை. காப்புரிமை விலையில் மட்டுமே கிடைத்திருந்தால் அவை சிறு விவசாயிக்கு எட்டியே இருக்காது. ஆனால் பாட்டில் விலை குறைந்ததால் செலவு குறைந்தது என்று கொள்ள முடியாது. நாட்டின் சாகுபடிப் பரப்பில் ஏறத்தாழ 5 சதவீதமே கொண்ட பருத்தி, ஒரு கட்டத்தில் மொத்தப் பூச்சிக்கொல்லியில் பாதியளவை விழுங்கியது. பச்சைக் காய்ப்புழு எதிர்ப்புத்திறன் பெறப் பெற, அடிக்கும் தடவையும் கலக்கும் மருந்துகளின் எண்ணிக்கையும் கூடின.

டிப்போ இருந்த இடத்தில் உரக்கடை வந்து நின்றது. 2003இல் தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் நாடு முழுவதும் நடத்திய உழவர் நிலை மதிப்பீட்டில், இடுபொருள் வியாபாரியிடம் தொழில்நுட்பத் தகவல் பெற்றதாகச் சொன்ன குடும்பங்கள் 13.1 சதவீதம், வேளாண் விரிவாக்கப் பணியாளரிடம் பெற்றவை 5.7 சதவீதம். அரசு ஊழியரைவிட இருமடங்குக்கு மேல் கடைக்காரரே ஆலோசகர். இதில் வியப்பில்லை. வேளாண் உதவி அலுவலர் பல கிராமங்களுக்கு ஒருவர். கடைக்காரர் காலை முதல் இரவுவரை கடையில் இருப்பவர். நோய் தாக்கிய இலையைப் பறித்துக்கொண்டு போய்க் காட்டினால் அவர் பார்த்து மருந்து தருவார்; டேங்குக்கு இத்தனை மில்லி என்று சொல்வார்; காசு இல்லையென்றால் அறுவடைக்குக் கொடு என்பார். இந்தக் கடைசி வசதிதான் உறவை இறுக்குகிறது. கடனில் வாங்குபவர் விலை கேட்பதில்லை, கம்பெனியைத் தேர்ந்தெடுப்பதில்லை. பயிருக்குத் தேவையோ இல்லையோ கூடவே வரும் ‘டானிக்’கை மறுப்பதுமில்லை. வட்டி விலைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. மழை பொய்த்தால் கடைக்காரருடைய பணமும் ஊரில் முடங்குகிறது. அவரும் மொத்த வியாபாரிக்குக் கடன்பட்டவர்தான். மருந்து விற்பவரே கடனும் கொடுத்து ஆலோசனையும் சொன்னால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 1997–98இல் வாரங்கல் பருத்தி விவசாயிகளின் தற்கொலைகள் நாட்டுக்கே காட்டின.

கடைக்காரரைப் பயிற்றுவிக்கும் முயற்சியும் நடந்தது. ஹைதராபாத்திலுள்ள தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனம் 2003இல் இடுபொருள் விற்பனையாளருக்கென ஓராண்டுப் பட்டயப் படிப்பைத் தொடங்கியது. 2015இல் விதிகள் திருத்தப்பட்டு, மருந்து விற்க வேளாண்மை, வேதியியல் போன்ற துறைகளில் பட்டம் வேண்டும் என்றானது. ஏற்கெனவே உரிமம் பெற்றிருந்தோருக்கு அவகாசமும் குறுகியகாலப் பயிற்சியும் தரப்பட்டன. நல்ல மாற்றம்தான். ஆனால் விற்பனை அளவைக் கொண்டே வருமானம் அமையும்வரை, ‘இப்போது மருந்தே வேண்டாம், ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள்’ என்ற ஆலோசனை கடையிலிருந்து வருவது அரிது.

உரத்துக்கும் மருந்துக்கும் விலையில் பெரிய வேறுபாடு உண்டு. 45 கிலோ யூரியா மூட்டை, வேப்பெண்ணெய்ப் பூச்சும் வரியும் சேர்த்து ₹266.50 என அரசு விலை நிர்ணயித்திருக்கிறது. மீதியை மானியம் தாங்குகிறது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் ஆதார் பதிந்து வாங்கலாம். பூச்சிமருந்துக்கு அப்படி ஒரு விலைக் கட்டுப்பாடு இல்லை. 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. யூரியா மட்டும் இவ்வளவு மலிவாக இருப்பதால் தேவைக்கு மேல் விழுகிறது. தழைச்சத்து கூடிய பயிருக்குப் பூச்சி கூடுகிறது. அதற்கு மானியமில்லாத மருந்தை உழவர் கடனில் வாங்குகிறார்.

மருந்தைவிட மலிவான தீர்வு கைக்கெட்டிய நிகழ்ச்சிகளும் தமிழகத்தில் உண்டு. 2008இல் கோவைப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி கண்டறியப்பட்டது. ஈரோடு, திருப்பூர், சேலம், நாமக்கல் பகுதிகளில் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, பருத்தி என அது தொடாத பயிர் குறைவு. மெழுகுப் பூச்சுக்குள் இருக்கும் பூச்சியை மருந்து எட்டவில்லை. மல்பெரியில் அடித்தாலோ பட்டுப்புழு சாகும். 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயே என்ற சிறு ஒட்டுண்ணிக் குளவி தருவிக்கப்பட்டது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் அதைப் பெருக்கி விவசாயிகளுக்கு வழங்கியது. சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது. 2016இல் பொள்ளாச்சித் தென்னையில் சுருள் வெள்ளை ஈ வந்தபோதும் விஞ்ஞானிகள் முதலில் சொன்னது, மருந்து அடிக்காதீர்கள், என்கார்சியா ஒட்டுண்ணி அழிந்துவிடும் என்பதுதான். மரவள்ளி மாவுப்பூச்சிக்கும் அனாகைரஸ் லோபெசி என்ற குளவி பின்னர் சேலம் வட்டாரத்தில் விடப்பட்டது. கடையில் விற்க முடியாத சரக்கு இது. அரசு நிறுவனம் வளர்த்துக் கொடுத்தால் மட்டுமே கிடைக்கும்.

மலிவான கொடிய மருந்துகள் வேறொரு துயரத்துக்கும் காரணமாயின. வீட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த பாட்டிலே எண்ணற்ற உயிர்களைப் பறித்தது. இலங்கை 1995இல் மிகக் கொடிய வகை மருந்துகளையும் 1998இல் எண்டோசல்பானையும் கட்டுப்படுத்தியது. அடுத்த பத்தாண்டில் அங்கே தற்கொலை விகிதம் பாதியாகக் குறைந்தது. நெல் விளைச்சல் அதனால் குறையவில்லை. அதே நாடு 2021இல் உரமும் மருந்தும் மொத்தமாக வேண்டாம் என்று ஒரே நாளில் அறிவித்து, விளைச்சல் சரிந்து, சில மாதங்களில் பின்வாங்கியது. தேர்ந்தெடுத்து, மாற்று காட்டி விலக்குவதற்கும் திடீரென நிறுத்துவதற்கும் உள்ள தூரம் இது. இந்தியாவில் 1997இல் பிஎச்சி போனது. எண்டோசல்பான் தெளித்த காசர்கோடு முந்திரித் தோட்டங்களைச் சுற்றி மக்கள் பட்ட கொடுமைக்குப் பின் 2011இல் உச்ச நீதிமன்றம் அந்த மருந்தை நிறுத்தியது. 2018இல் பதினெட்டு மருந்துகளுக்குத் தடை வந்தது. தமிழக அரசு 2022–23இல் மோனோகுரோட்டபாஸ் உள்ளிட்ட ஆறு மருந்துகளை அறுபது நாளுக்கும், மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிமருந்தை நிரந்தரமாகவும் தடை செய்தது. அந்த ஆறைப் போன்ற பதிவு பெற்ற மருந்துகளில் மாநில அரசு தற்காலிகத் தடைக்கு மேல் போக முடியாதபடி 1968ஆம் ஆண்டுச் சட்டம் அதிகாரத்தை மத்திய அரசிடம் வைத்திருக்கிறது.

மருந்தடிக்கும் முறையும் மாறிவருகிறது. கூலிக்கு ஆள் கிடைக்காத ஊர்களில் முதுகுத் தெளிப்பான் இருந்த இடத்துக்கு ட்ரோன் வருகிறது. மகளிர் குழுக்களுக்கு ட்ரோன் வழங்கும் மத்தியத் திட்டம் 2023இல் அறிவிக்கப்பட்டது. 2022 நவம்பரில் விதி திருத்தப்பட்டு இணையவழி விற்பனைக்கும் அனுமதி கிடைத்தது. 1968ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாகப் பூச்சிக்கொல்லி மேலாண்மை மசோதா 2008இலும் 2020இலும் மாநிலங்களவையில் வைக்கப்பட்டு, இரண்டு முறையும் சட்டமாகாமல் நின்றது. போலி மருந்தால் பயிர் போனால் உழவர் இன்றும் நுகர்வோர் நீதிமன்றத்தைத்தான் நாட வேண்டும். அங்கே முதலில் கேட்பது ரசீது. கடனுக்கு வாங்கியவர் கையில் இருப்பது பெரும்பாலும் தொகை மட்டும் குறித்த துண்டுச் சீட்டு. வாய்மொழிக் குத்தகைதாரரிடமோ நிலம் தன் சாகுபடியில் உள்ளது என்று காட்டும் அடங்கலும் இருப்பதில்லை.