மாவு ஆலைக் குதிரையின் தாடை

ஐரோப்பிய மாவு ஆலைகளில் வண்டி இழுத்த குதிரைகளுக்குத் தவிடு தாராளமாகக் கிடைத்தது. நோயும் அதோடு வந்தது. முகம் இருபுறமும் புடைக்கும், தாடை தடிக்கும், பல் ஆடும். மென்ற புல்லைக் குதிரை பாதியிலேயே துப்பிவிடும். ‘ஆலைக்காரர் நோய்’ என்றே அதற்குப் பெயர். தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் சொற்பம். இரத்தத்தில் கால்சியம் இறங்கியதும் பாராதைராய்டு சுரப்பி எலும்பைக் கரைத்து ஈடுகட்டப் பார்க்கும். கரைந்த இடத்தை நார்த்திசு அடைக்கும். எலும்பு பெருத்ததாகத் தோன்றும். உள்ளே இருப்பதோ வெறும் நார். இந்தச் சுரப்பியை மனித உடலில் சாண்ட்ஸ்ட்ரோம் என்ற ஆய்வாளர் விவரித்ததே 1880இல்தான்.

1970களில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் லென்னார்ட் குரூக், மனிதரின் ஈறு நோய்க்கும் இந்தக் கால்சியம் குறைபாடே வேர் என்று வாதிட்டார். மறுப்பவர்கள் கையில் 1965ஆம் ஆண்டுச் சோதனை இருந்தது. ஹரால்ட் லோ என்ற பல் ஆய்வாளரின் குழு 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கவைத்தது; மூன்று வாரத்துக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது, துலக்கியதும் தணிந்தது. பல்லில் படியும் கிருமிப் படலமே குற்றவாளி என்றார்கள். மறுக்க முடியாத சான்றுதான். ஆனால் அது ஈற்றின் அழற்சியைப் பற்றியது. அடியிலுள்ள எலும்பின் வலு வேறு கணக்கு. ஒரே காரணத்தில் எல்லாவற்றையும் அடக்கப் பார்த்தது குரூக்கின் பிழை. ஆனால் எலும்பைப் பொறுத்தவரை அவர் சொன்னதில் பொருள் உண்டு: சிறுநீரகம் பழுதாகி இதே பாராதைராய்டு சுரப்பி மிகையாக வேலைசெய்யும் நோயாளிகளின் எக்ஸ்ரேயில், பல்வேரைச் சுற்றியுள்ள எலும்பின் வெள்ளைக் கோடு மங்கிப்போவதை இன்றும் பார்க்கலாம்.