சுனாமிப் பட்டியலும் எங்கள் பிள்ளைகளின் கணினிப் பாடமும்



2004 டிசம்பர் 26. கிண்ணியா, மூதூர், நிலாவெளி என்று எங்கள் கரையோரத்தில் கடல் ஏறியபோது நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். காணாமற்போனவர்களின் பெயர்களைக் கொப்பித் தாளில் எழுதினார்கள். ஒரு முகாமின் பட்டியல் அடுத்த முகாமுக்குத் தெரியாது. உம்மா ஓரிடம், பிள்ளை ஓரிடம்.

அதே நாட்களில் கொழும்பில் லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷனைச் சுற்றி மென்பொருள் ஊழியர்களும் பல்கலைக்கழக மாணவர்களும் தொண்டர்களாகக் கூடினார்கள். சில வாரங்களுக்குள் 'சஹானா' உருவானது. சிங்களத்தில் அதற்கு நிவாரணம் என்று பொருள். காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள், தேவைகள் என்று தனித்தனிப் பதிவேடுகள். ஒருவர் எழுதிய பகுதி மற்றவருடையதோடு பொருந்த வேண்டும்.

அதை இலவசமாகத் திறந்து வைத்தார்கள். 2005 பாகிஸ்தான் நிலநடுக்கம், 2006 பிலிப்பைன்ஸ் மண்சரிவு, 2010 ஹெய்ட்டி வரை அது போனது. 2006ஆம் ஆண்டுக்கான சமூக நலன் விருதை கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சஹானாவுக்கு வழங்கியது. கூகுளின் 'சமர் ஒப் கோட்' திட்டத்திலும் மொறட்டுவைப் பல்கலைக்கழக மாணவர்கள் எண்ணிக்கையில் உலகிலேயே முன்னணியில் நின்றார்கள். திறந்த மென்பொருளில் பலரோடு சேர்ந்து வேலை செய்வதே அங்கு பாடம்.

'மென்பொருள் பொறியியல்' என்ற பெயர் பரவியதும் 1968இல் ஜெர்மனியில் நடந்த மாநாட்டுக்குப் பிறகுதான். பெரிய செய்நிரல்கள் தாமதமாகி, பிழையாகி நின்றதுதான் அன்றைய கவலை. தனி ஆளின் கெட்டித்தனம் மட்டும் போதாது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

நாங்கள் என்ன செய்கிறோம்? முறைமை விருத்தியின் படிகளை நோட்ஸ் கொடுத்துப் பாடமாக்க வைக்கிறோம். குழுச் செயற்றிட்டம் என்றால் ஒரு பிள்ளை செய்யும், நாலு பிள்ளை பெயர் போடும். அதற்குப் புள்ளி போட்டவர்களும் நாங்கள்தான்.

போன தவணை மாற்றிப் பார்த்தோம். உயர்தர மாணவர்களிடம் பாடசாலை நூலகத்தின் இரவல் பதிவேட்டைக் கணினிக்குக் கொண்டுவரச் சொன்னோம். ஒரு குழு நூலகரிடம் கேட்டது, ஒன்று தரவுத்தளம் அமைத்தது, ஒன்று பிழை தேடியது. இரண்டாம் கிழமையே சண்டை. ஒரே மாணவன் முஹம்மது, முகம்மது, மொஹமட் என்று மூன்று பேராகப் பதிவாகியிருந்தான். எந்தப் புத்தகத்திலும் அவர்கள் படிக்காத பிரச்சினை அது. முகாம் பட்டியலில் அப்படி நடந்திருந்தால் ஓர் உம்மா பிள்ளையைத் தேடிக்கொண்டே இருந்திருப்பார் என்று சொன்னோம். வகுப்பு அமைதியானது. பிறகு தாங்களாகவே அனுமதி இலக்கத்தைக் கொண்டு திருத்தினார்கள்.

பெற்றோரே, குழு வேலையை நேர வீண் என்று நினைக்காதீர்கள். கடை, பள்ளிவாசல், மீனவர் சங்கம் நடத்துவோரே, உங்கள் பதிவேட்டுத் தேவை ஒன்றை எங்கள் பிள்ளைகளிடம் தாருங்கள். மென்பொருள் துறையில் இருக்கும் பழைய மாணவர்களே, மாதம் ஒரு மணித்தியாலம் போதும். மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், இன்ஷா அல்லாஹ்.