பாடியவர் பெயர் எங்கே?

பாட்டைச் சேர்த்து வைத்தவனைச் சரித்திரம் அறியும்; விற்றவனைச் சிறிதே அறியும்; பாடியவனையோ பெரும்பாலும் அறியாது. நாட்டுக் கலைகளின் ஏட்டுத் தொகுதிகளை ஆராயப் புகுவோர் முதற்கண் காண்பது இதுவே.

சார்லஸ் கோவர் என்னும் ஆங்கிலேயர் தென்னிந்திய நாட்டுப் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்து 1871-இல் நூலாக்கினார். ஐ.சி.எஸ். அதிகாரியான பெர்சி மாக்குவீன் திரட்டிய தமிழ்ப் பாடல்களைக் கி. வா. ஜகந்நாதன் பதிப்பிக்க, தஞ்சைச் சரசுவதி மகால் நூல்நிலையம் 1958-இல் ‘மலையருவி’ என வெளியிட்டது. திரட்டியவரும் பதிப்பித்தவரும் புகழ் பெற்றனர், அது தகும். ஆயின், ஏற்றம் இறைத்தும் நாற்று நட்டும் அவற்றைப் பாடியோரை இன்று சொல்வார் யார்?

நிற்க. கோட்டையூர் முத்தையா என்பார் சென்னையில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர். தம் தொழிற்கூடத்தின் பெயரால் ‘ரோஜா’ முத்தையா எனப்பட்டார். 1950-ஐ ஒட்டி மூர் மார்க்கெட்டின் பழம்புத்தகக் கடைகளில் அவர் தேடத் தொடங்கினார். படித்தோர் குப்பையென ஒதுக்கிய குஜிலிப் பாட்டுப் புத்தகங்களும், நாடக நோட்டீசுகளும் அவருக்குச் செல்வமாயின. 1985-இல் அச்சந்தை தீக்கிரையாயிற்று; 1992-இல் அவரும் மறைந்தார். 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுதியை விலைக்கு வாங்கி, சென்னையிலேயே நூலகமாக நிலைக்கச் செய்தது. குஜிலிப் புத்தகத்தின் அட்டையிலே பாட்டுக் கட்டியவன் பெயர் இருந்தது. ஆதலின் கடைக்காரன் கைக்கு வந்த காகிதத்தோடு அவன் பெயரும் தப்பியது.

நம் மலாயாத் தோட்டங்களின் நிலை வேறு. லயத்தில் வாய்மொழியாய் வழங்கிய பாட்டுக்கு அட்டையும் இல்லை, அச்சும் இல்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இரா. தண்டாயுதம் அப்பாடல்களைத் தொகுத்தார். கிள்ளான் வட்டாரத்து முரசு நெடுமாறன், 1887 முதல் 1987 வரை எழுந்த தமிழ்க் கவிதைகளை அரிதின் முயன்று திரட்டி, 1997-இல் களஞ்சியமாக வெளியிட்டார். இவை பெருந்தொண்டுகள். எனினும், உறுமி கொட்டியவனும் தாலாட்டிசைத்த பால்மரத் தொழிலாளியும் புலவர் வரிசையில் ஏறினாரல்லர்.

கிராணி வேலை பார்க்கும் எனக்கு இதிலொரு விந்தை தோன்றுகிறது. தோட்டத்துச் செக்ரோலில் பெயர் உண்டு, பெரட்டுக்கு வந்த நாளும், எடுத்த நிறையும், பெற்ற கூலியும் உண்டு, பாட்டு இல்லை. பாட்டுத் தொகுதியிலோ பாட்டு உண்டு, பெயர் இல்லை. ஒரே மனிதனை உடலென்றும் குரலென்றும் பிளந்து, உடலைக் கணக்கிலும் குரலை நூலிலும் வைத்தோம். பறை கொட்டுவோன் தாழ்ந்தவன் என்ற பழைய மடமைக்கும் இதிற் பங்குண்டன்றோ!

கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயத்துக் கிழவியர் அடுக்குமாடிகளில் வாழ்கின்றனர். பிரிக்பீல்ட்ஸில் இரயில்வே குடியிருப்புகளில் வளர்ந்த முதியோரும் சிதறிப் போயினர். பழைய செக்ரோலை எடைக்குப் போடுமுன் ஒரு படி எடுத்து வைப்பது பெருஞ்செலவன்று. பாட்டைப் பதிவோர் பாடியவர் பெயரையும், தோட்டத்தையும், ஆண்டையும், அவர் யாரிடம் கற்றார் என்பதையும் உடன் எழுதுவாராக. கூலிக்குப் பெயர் எழுதத் தெரிந்த நமக்குக் கலைக்கும் பெயர் எழுதத் தெரியாதா?