முத்திரை சொன்னதும் சொல்லாததும்

இலங்கையில் வீடு கட்டுவோர் சீமெந்துப் பையில் எஸ்.எல்.எஸ். முத்திரை உண்டா என்று பார்த்து வாங்குவது வழக்கம். இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் அப்பொருளைச் சோதித்து அனுமதி வழங்கியிருக்கின்றது என்பதே அம்முத்திரையின் பொருள். அந்த நம்பிக்கையோடு வளர்ந்தவன் நான். லண்டனில் மாடிக் குடியிருப்பொன்றில் வாழும் என் மருமகன், தான் வாங்கிய வெப்பக் காப்புப் பலகையைக் காட்டி, "சீ.ஈ. அடிச்சிருக்குத்தானே மாமா, பிறகென்ன பயம்?" என்று கேட்டபோது, ஆமென்று சொல்லவே நானும் எண்ணினேன். அம்முத்திரையின் வரலாற்றைப் படித்த பின்னர் அப்படிச் சொல்ல இயலவில்லை.

அந்த வரலாறு ஒரு மதுப் போத்தலில் தொடங்குகின்றது என்றால் வாசகர்கள் வியப்படையக்கூடும். பழ மதுவில் குறைந்தது 25 சதவீதம் அற்ககோல் இருக்க வேண்டும் என்பது அன்றைய ஜேர்மனியின் சட்டம். அதனிலும் குறைந்த செறிவுடைய பிரெஞ்சு மதுவொன்று தடுக்கப்பட்டபோது வழக்கு ஐரோப்பிய நீதிமன்றத்துக்குச் சென்றது. ஓர் உறுப்பு நாட்டில் சட்டப்படி விற்கப்படும் பொருளைத் தக்க காரணமின்றி இன்னொரு நாடு தடுக்க முடியாது என 1979 பெப்ரவரி 20 இல் தீர்ப்பளிக்கப்பட்டது. 1985 இல் 'புதிய அணுகுமுறை' என்ற கொள்கை பிறந்தது. இன்றியமையாத தேவைகளைச் சட்டம் கூறும். நுட்ப விபரங்களை நியம அமைப்புகள் வகுக்கும் என்பது அதன் சாரம். இக்கொள்கையின் வழியே 1988 டிசம்பர் 21 இல் கட்டுமானப் பொருட்களுக்கான பணிப்புரை வெளியாயிற்று.

இங்கேதான் ஒரு நுட்பமான வேறுபாடு நுழைந்தது. ஒரு விளையாட்டுப் பொம்மை தன்னளவிலேயே பாதுகாப்பானதாக இருக்க முடியும். செங்கல்லோ கண்ணாடியோ அப்படியன்று. எந்தக் கட்டடத்தில், எவ்வாறு பொருத்தப்படுகின்றது என்பதைப் பொறுத்தே அதன் பாதுகாப்பு அமையும். கட்டடப் பாதுகாப்போ அந்தந்த நாட்டின் அதிகாரம். ஆகவே உறுதி, தீப்பாதுகாப்பு, சுகாதாரம் முதலான ஆறு தேவைகளும் கட்டடத்தின் மீதே சுமத்தப்பட்டன. பொருட்களுக்குக் கிடைத்தவை பொதுவான சோதனை முறையும், பெறுபேற்றைச் சொல்லும் பொதுமொழியும் மாத்திரமே.

இதன் விளைவு யாது? பொம்மையின் மீதுள்ள சீ.ஈ., பாதுகாப்புத் தேவைகளை நிறைவேற்றியதாகக் கூறுகின்றது. கட்டுமானப் பொருளின் மீது அதே எழுத்துக்கள், 'எனது பெறுபேறு இது' என்று மட்டுமே கூறின. தீயின்போது ஒரு பொருள் நடந்துகொள்ளும் விதம் ஏ1 முதல் எஃப் வரை தரம் பிரிக்கப்படுகின்றது. எரியாத ஏ1 பொருளும், எளிதில் எரியும் எஃப் பொருளும் ஒரே முத்திரையைத் தாங்கலாம். அதை இடுபவரும் உற்பத்தியாளரே. சீமெந்து போன்ற சிலவற்றுக்கு வெளி நிறுவனமொன்றின் சான்றும் வேண்டும்.

சீமெந்துக்கான இசைவு நியமமே முதலில் வந்தது. 2002 ஏப்ரலில் அதற்கான மாறுகாலம் முடிந்தது. பிரித்தானியா, அயர்லாந்து, சுவீடன் ஆகியன முத்திரையை விருப்பத்துக்குரியதாகவே கருதி வந்தன. 2011 இல் இயற்றப்பட்ட ஒழுங்குவிதி, 2013 ஜூலை 1 முதல் பெறுபேற்றுப் பிரகடனத்தையும் முத்திரையையும் எங்கும் கட்டாயமாக்கியது.

ஜேர்மனி இதனை எளிதில் ஏற்கவில்லை. நியமங்களில் குறைபாடு உண்டெனக் கூறித் தனது சொந்த 'ஊ' முத்திரையையும் கேட்டு வந்தது. 2014 ஒக்டோபர் 16 இல் ஐரோப்பிய நீதிமன்றம் அதனைச் சட்டத்துக்கு முரணானது என்றது. சந்தை திறந்திருக்க வேண்டும் என்ற கோட்பாடு வென்றது.

2017 ஜூன் 14 அதிகாலை, லண்டனின் 24 மாடி கிரென்ஃபெல் கோபுரம் எரிந்தது. 72 உயிர்கள் பலியாயின. அதற்கு முந்தைய ஆண்டில்தான் அதன் வெளிச்சுவர் புதிதாகப் போர்த்தி முடிக்கப்பட்டிருந்தது. அலுமினியத் தகடுகளின் நடுவே பொலியெதிலீன், அவற்றின் பின்னே எரியக்கூடிய காப்புப் பலகை. அத்தகைய தகடுகளுக்கு இசைவு நியமமே இருக்கவில்லை, பலகைகளுக்கு இருந்தது. விதியால் இரண்டையும் தடுக்க முடியவில்லை. அவற்றை உற்பத்தி செய்து விற்றோர் திட்டமிட்ட நேர்மையீனத்துடன் நடந்தனர் என்று, 2024 செப்டெம்பர் 4 இல் சேர் மார்ட்டின் மூர்-பிக் தலைமையிலான விசாரணை முடிவு செய்தது. பெறுபேற்றைச் சொல்பவன் உண்மை பேசுவான் என்ற எடுகோளின் மீதே முழு ஏற்பாடும் நின்றது என்பதை அம்முடிவு காட்டிற்று.

2024 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் புதிய ஒழுங்குவிதியை ஏற்றது. 2026 ஜனவரி 8 முதல் அதன் பெரும்பகுதி நடைமுறைக்கு உரியதாயிற்று. 'பெறுபேற்றுப் பிரகடனம்' என்பது அதில் 'பெறுபேறு மற்றும் இணக்கப் பிரகடனம்' ஆகியுள்ளது. பொருளின் மீதே பாதுகாப்புத் தேவைகளை விதிக்கவும் அது இடமளிக்கின்றது. பொம்மைக்கு 1988 இலேயே கிடைத்த பாதுகாப்பு, வீட்டுச் சுவருக்கு இப்போதுதான் வாசல்வரை வந்திருக்கின்றது. ஒன்றியத்தை விட்டு விலகிய பிரித்தானியாவோ சீ.ஈ. முத்திரையைத் தொடர்ந்து ஏற்றுக்கொண்டு, தனக்கென வேறு சீர்திருத்தத்தை ஆராய முற்பட்டது.

மருமகனுக்கு நான் சொன்னது இதுதான்: "தம்பி, முத்திரையோட நிண்டிடாதையும். பிரகடனத்தை எடுத்து, தீக்கு என்ன எழுத்துப் போட்டிருக்கெண்டு பாரும்." அவர் தேடிப் பார்த்தார். அதில் 'ஈ' என்று இருந்தது. பலகை மறுநாளே கடைக்குத் திரும்பிற்று.