பேருக்கு 125 வாட்ஸ், ஓடும்போது 253 வாட்ஸ்! புது ப்ராசசர்கள் எவ்வளவு கரண்ட் இழுக்கும்? மதுரை வெயிலுக்கு எது தோது?

மதுரையில் கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணக் கடைக்குப் போனால் முதலில் இரண்டு கேள்வி வரும். "பட்ஜெட் எவ்வளவுண்ணே?", "என்ன வேலைக்கு?" மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது, அதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. பெட்டியை எந்த ரூம்ல வைக்கப் போறீங்க, அங்கே ஏசி இருக்கா?

கடந்த சில வருடங்களில் வந்த டெஸ்க்டாப் ப்ராசசர்களைப் பார்த்தால் இந்தக் கேள்விதான் முக்கியம் என்று தோன்றும். வேகம் கூடியிருக்கிறது, உண்மைதான். அதோடு கரண்ட் இழுக்கிற அளவும், கக்குகிற சூடும் சேர்ந்தே கூடியிருக்கிறது. கல்யாண வீடியோ எடிட்டிங், ஃப்ளெக்ஸ் டிசைன், சிவகாசி பக்கம் டிடிபி வேலை, வீட்டிலிருந்தே ஐடி வேலை என்று மதுரை வட்டாரத்தில் டெஸ்க்டாப்பை நம்பிப் பிழைப்பவர்கள் நிறையப் பேர். ஈபி பில் வரும்போது அவர்கள் ஏசியைத் திட்டுவார்கள். பெட்டியை யாரும் சந்தேகப்படுவதில்லை.

ஒரு சின்ன விளக்கம். நம்ம ஊரில் 'சிபியு' என்றால் மொத்தப் பெட்டியும்தான். இங்கே பேசுவது அந்தப் பெட்டிக்குள், மதர்போர்டில் உட்கார்ந்திருக்கும் தீப்பெட்டி அளவு சிப்பைப் பற்றி.

பெட்டியில் போட்டிருக்கும் வாட்ஸ் உண்மையா?

பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை.

இன்டெல் 2023 அக்டோபரில் வெளியிட்ட கோர் ஐ9-14900கே-யை எடுத்துக்கொள்வோம். அதன் அடிப்படை பவர் 125 வாட்ஸ். ஆனால் முழு மூச்சாக வேலை செய்யும்போது 253 வாட்ஸ் வரை போகலாம் என்று இன்டெல்லின் ஸ்பெக் ஷீட்டே சொல்கிறது. கடைக்காரர் வாயில் வருவது முதல் நம்பர். மீட்டரில் ஓடுவது இரண்டாவது நம்பர்.

ஏஎம்டி கணக்கு வேறு மாதிரி. அவர்கள் 'டிடிபி' என்று ஒரு நம்பர் போடுவார்கள் (டெஸ்க்டாப் பப்ளிஷிங் இல்லை, இது வேற டிடிபி). சாக்கெட் வழியாக சிப் உண்மையில் இழுக்கக்கூடிய உச்சம் அதைவிட சுமார் 35 சதவீதம் அதிகம். 65 வாட்ஸ் என்று போட்டிருந்தால் 88 வாட்ஸ் வரை. 120 என்றால் 162. 170 என்றால் 230.

ஏசி, ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் ஸ்டார் லேபிள் மாதிரி ப்ராசசர் டப்பாவில் எதுவும் கிடையாது. அதனால் வாங்குபவர்தான் இந்த இரண்டாவது நம்பரைத் தேடிப் பார்க்க வேண்டும்.

கொஞ்சம் வேகத்துக்கு ஏன் இவ்வளவு கரண்ட்?

இதுதான் விஷயத்தின் மையம். ஒரு சிப் செலவழிக்கும் மின்சாரம், அது ஓடும் வேகத்தையும் அதற்குக் கொடுக்கும் வோல்டேஜையும் பொறுத்தது. இதில் வோல்டேஜ் மட்டும் இரண்டு தடவை பெருகும் ஆள், அதாவது வோல்டேஜின் வர்க்கம் கணக்கில் வரும். வேகத்தைக் கூட்ட வேண்டுமென்றால் ஒரு கட்டத்துக்கு மேல் வோல்டேஜையும் கூட்டியே ஆகணும்.

வேகத்தை 10 சதவீதம் ஏற்ற, வோல்டேஜையும் 10 சதவீதம் ஏற்ற வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1.1-ஐ மூன்று தடவை பெருக்கினால் 1.33. ஆக 10 சதவீத வேகத்துக்கு 33 சதவீதம் கூடுதல் கரண்ட். பைக்கில் 60-ல் போனால் கிடைக்கும் மைலேஜ் 100-ல் போனால் கிடைக்காது என்பது மாதிரிதான் இதுவும்.

இதற்கு இன்டெல்லே ஒரு நல்ல சாட்சி கொடுத்தது. 2022-ல் ஐ9-13900கே-யை அறிமுகம் செய்தபோது, அந்த சிப்பை வெறும் 65 வாட்ஸில் கட்டிப்போட்டாலும், முந்தைய தலைமுறை ஐ9-12900கே 241 வாட்ஸில் செய்யும் பல-த்ரெட் வேலையை அது செய்துவிடும் என்று ஸ்லைடு போட்டுக் காட்டினார்கள். நான்கில் ஒரு பங்கு கரண்டில் அதே வேலை! ஆனால் அதே சிப்பைக் கடையில் விற்றபோது 253 வாட்ஸ் உச்சத்தோடுதான் விற்றார்கள். போட்டிக் கம்பெனியை பெஞ்ச்மார்க்கில் ஜெயிக்க வேண்டுமே. கடைசிச் சில சதவீத வேகத்துக்காக, வாங்குபவரின் மீட்டரில் ஓடும் கரண்ட் அது.

இப்படி ஏற்கெனவே ஒருமுறை நடந்திருக்கிறது. 2004-ல் 'பிரெஸ்காட்' பென்டியம் 4 வந்தபோது வேகப் போட்டியில் 115 வாட்ஸ் வரை போய், சூடு தாங்காமல் அதற்கடுத்த 'தேஜஸ்' சிப்பையே இன்டெல் கைவிட்டது. 2006-ல் வந்த கோர் 2 டுயோ 65 வாட்ஸில் அதைவிட நன்றாக ஓடியது.

புது தலைமுறை என்ன செய்தது?

2024-ல் இரண்டு கம்பெனிகளுமே பிரேக்கைக் கொஞ்சம் மிதித்தன.

ஏஎம்டி ஆகஸ்ட் மாதம் ரைசன் 9000 வரிசையைக் கொண்டுவந்தது. எட்டு கோர் ரைசன் 7 9700எக்ஸ்-க்கு 65 வாட்ஸ் டிடிபி. அதற்கு முந்தைய 7700எக்ஸ்-க்கு 105 வாட்ஸ். கரண்டைக் குறைத்து அதே வேலையைச் செய்கிறது என்றால் பாராட்டணும் இல்லையா? ஆனால் "கேமிங்கில் பெரிய வித்தியாசம் தெரியலையே" என்று விமர்சனம் கிளம்பியது. பிறகு மதர்போர்டு அப்டேட் வழியாக 105 வாட்ஸ் மோடையும் கொடுத்தார்கள். வேகம் கூடியது கொஞ்சம்தான்.

இன்டெல் அக்டோபரில் கோர் அல்ட்ரா 9 285கே-யை இறக்கியது. 24 கோர், ஹைப்பர்த்ரெடிங் கிடையாது, முக்கியமான பகுதியைத் தயாரித்தது தைவானின் டிஎஸ்எம்சி. உச்சம் 250 வாட்ஸ் என்று பேப்பரில் பழைய மாதிரியே இருந்தாலும், கேம் விளையாடும்போது முந்தைய சிப்பைவிட நன்றாகவே குறைவாக இழுத்தது. பிரச்னை என்னவென்றால், பல கேம்களில் பழைய 14900கே-யே முந்தியது. எடிட்டிங், ரெண்டரிங் மாதிரி வேலைகளில் இது நல்ல சிப். ஆனால் கேமர்கள் கொடுத்த மார்க் குறைவு.

அந்த இடைவெளியில் புகுந்து ஜெயித்தது நவம்பரில் வந்த ரைசன் 7 9800எக்ஸ்3டி. இது ஒரு வித்தியாசமான வழி. வோல்டேஜை ஏற்றாமல், சிப்புக்குள் 96 எம்பி எல்3 கேஷ் மெமரியை வைத்துவிட்டார்கள். தேவையான டேட்டா பக்கத்திலேயே இருப்பதால் கேமுக்கு ஓடியாடித் தேடும் வேலை மிச்சம். முந்தைய 7800எக்ஸ்3டி-யில் இந்தக் கூடுதல் மெமரி கோர்களின் தலைமேல் உட்கார்ந்திருந்தது, சூடு வெளியேற அதுவே தடை. புதியதில் அதைக் கோர்களுக்கு அடியில் வைத்தார்கள். கோர் நேரடியாகக் கூலரைப் பார்க்கிறது. கேமிங்குக்கு இதைவிட புத்திசாலித்தனமான டிசைன் சமீபத்தில் வரவில்லை என்றே சொல்லலாம்.

40 டிகிரியில் என்ன ஆகும்?

யூட்யூப் ரிவ்யூக்களைப் பார்த்து சிப் வாங்குபவர்கள் கவனிக்காத ஒன்று. அந்த டெஸ்ட்டெல்லாம் பெரும்பாலும் 20 முதல் 25 டிகிரி ரூமில் நடக்கும். மதுரையில் ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கமான செய்தி. மொட்டை மாடிக்குக் கீழ் ரூம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்றால் கேட்கவே வேண்டாம்.

கூலர் என்பது ஏசி இல்லை. ரூமில் இருக்கும் காற்றை வைத்துத்தான் அது சிப்பைக் குளிர வைக்கும். ரூம் 16 டிகிரி சூடானால் சிப்பும் ஏறத்தாழ 16 டிகிரி சூடாகும். ரிவ்யூவில் 24 டிகிரி ரூமில் 80 டிகிரி காட்டிய சிப், இங்கே 40 டிகிரி ரூமில் 96-ஐத் தொடும். ரைசன் 9000-க்கு எல்லை 95 டிகிரி, 14900கே-க்கு 100, 285கே-க்கு 105. எல்லையைத் தொட்டதும் சிப் எரிந்துபோகாது. தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதாவது காசு கொடுத்து வாங்கிய வேகம், தேவைப்படும் நேரத்தில் கிடைக்காது.

சித்திரைத் திருவிழா, அதைத் தொட்டு வைகாசி முகூர்த்தம் என்று டிசைனர்களுக்கும் எடிட்டர்களுக்கும் வேலை குவிவது சரியாக இந்த மாதங்களில்தான். 250 வாட்ஸ் இழுக்கும் சிப் 250 வாட்ஸ் ஹீட்டர் மாதிரியே ரூமைச் சூடாக்கும், ஏனென்றால் இழுத்த கரண்ட் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். ஏசி இருந்தால் அதை வெளியேற்ற அதற்கும் தனியாக கரண்ட் ஆகும்.

ஈபி பில்லில் எவ்வளவு ஏறும்?

ஆயிரம் வாட்ஸ் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். தினம் மூன்று மணி நேரம் ஃபுல் லோடு, இரண்டு மாதத்துக்கு 180 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். 253 வாட்ஸ் சிப் சுமார் 45 யூனிட், 88 வாட்ஸ் சிப் சுமார் 16 யூனிட். வித்தியாசம் 30 யூனிட்டுக்குப் பக்கம். "பூ, இவ்வளவுதானா?" என்று தோன்றலாம்.

தமிழ்நாட்டு வீட்டுக் கட்டணத்தில்தான் சிக்கல். 2024 ஜூலை கட்டணப்படி இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை பாதி ரேட். 500-ஐத் தாண்டிவிட்டால் அந்தப் பாதி ரேட் சலுகை போய்விடும். 2024 ஜூலை உயர்வில் அறிவித்த ரேட் 400 யூனிட் வரை 4.80 ரூபாய், 401-500-க்கு 6.45, 501-600-க்கு 8.55. மானியம் போக சில காசுகள் மாறலாம். 480 யூனிட் ஓடும் வீட்டில் கூடுதலாக 30 யூனிட் ஏறி 510 ஆனால், அந்த 30 யூனிட்டுக்கு மட்டும் சுமார் 450 ரூபாய் கூடும். யூனிட்டுக்கு 15 ரூபாய் என்று ஆகிறது!

கடைக்கு கமர்ஷியல் இணைப்பு என்றால் 100 யூனிட் இலவசமும் இல்லை, ரேட்டும் யூனிட்டுக்கு 10 ரூபாயை ஒட்டி வரும்.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதையும் சொல்லணும். பெரிய சிப் வேலையைச் சீக்கிரம் முடித்துவிடும். ஒரு வீடியோவை 250 வாட்ஸில் 30 நிமிடத்தில் முடித்தால் 125 வாட்-மணி. 100 வாட்ஸில் 50 நிமிடம் ஆனால் 83 வாட்-மணிதான். மெதுவாக முடித்தது மலிவு. ஆனால் மீதி 20 நிமிடத்தில் அடுத்த ஆர்டரை எடுக்க முடியும் என்றால் அந்த 40 வாட்-மணி ஒரு காசே இல்லை. அதனால் ரெண்டரிங்கே தொழில் என்பவர்களுக்குப் பெரிய சிப் நியாயம்தான். பில் போடவும், டைப் அடிக்கவும், ஆன்லைன் கிளாஸ் பார்க்கவும் ஐ9 வாங்குவதற்குத்தான் நியாயமே இல்லை. ஐ5-12400 மாதிரி ஆறு கோர் சிப் டர்போவில்கூட 117 வாட்ஸைத் தாண்டாது, அந்த வேலைகளுக்கு அதுவே அதிகம்.

கேமர்கள் கோபப்படுவதற்கு முன் ஒரு வார்த்தை. உங்கள் பெட்டியில் அதிகம் தின்பது ப்ராசசர் இல்லை, கிராஃபிக்ஸ் கார்டு. ஆர்டிஎக்ஸ் 4060-க்கு 115 வாட்ஸ், 4090-க்கு 450 வாட்ஸ்.

ஏற்கெனவே வாங்கியாச்சு, இப்ப என்ன செய்யலாம்?

பயாஸுக்குள் போனால் போதும். இன்டெல் போர்டுகளில் பிஎல்1, பிஎல்2 என்று இரண்டு பவர் லிமிட் இருக்கும். 253-ஐ 125-க்குக் கொண்டுவந்தால் ஃபுல் லோடு வேலையில் வேகம் ஓரளவு குறையும், சூடு பாதியாகிவிடும். கேமிங்கில் பெரும்பாலும் வித்தியாசமே தெரியாது. ஏஎம்டியில் இதற்கே 'ஈகோ மோட்' என்று ஒரு ஆப்ஷன் இருக்கிறது. சில போர்டுகள் லிமிட்டே இல்லாமல் ஓடும்படி செட் ஆகி வந்ததும் உண்டு, அதனால் ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது.

இன்டெல் 13, 14-ம் தலைமுறை வைத்திருப்பவர்கள் இதைத் தள்ளிப்போடக் கூடாது. இந்த சிப்களில் சில, தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கி உள்ளுக்குள் தேய்ந்துபோவதை 2024-ல் இன்டெல்லே ஒப்புக்கொண்டு, ஆகஸ்டில் 0எக்ஸ்129 என்ற மைக்ரோகோட் திருத்தத்தையும் பிறகு இன்னொன்றையும் வெளியிட்டது. வாரன்டியை இரண்டு வருடம் நீட்டித்தது. புது பயாஸ் போட்டால் சேதம் வராமல் தடுக்கும், ஏற்கெனவே தேய்ந்ததைச் சரி செய்யாது. செகண்ட் ஹேண்டில் இந்த சிப்கள் மலிவாகக் கிடைத்தால், அரை மணி நேரமாவது ஃபுல் லோடில் ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

யுபிஎஸ் விஷயமும் இதோடு சேர்ந்தது. கடைகளில் சகஜமாக விற்கும் 600 விஏ யுபிஎஸ் தாங்குவது சுமார் 360 வாட்ஸ். ப்ராசசர் 253, நடுத்தர கிராஃபிக்ஸ் கார்டு 115, மானிட்டர், எஸ்எம்பிஎஸ்ஸில் வீணாகும் 10-15 சதவீதம் எல்லாம் சேர்த்தால் அது பத்தவே பத்தாது. கரண்ட் போன நொடியில் பெட்டியும் அணைந்துபோகும்.

உங்கள் பெட்டி உண்மையில் எவ்வளவு இழுக்கிறது என்று தெரிந்துகொள்ள தனிக் கருவி வாங்கத் தேவையில்லை. வீட்டு டிஜிட்டல் மீட்டரில் ஒரு சிவப்பு லைட் மின்னும். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்று அச்சாகியிருக்கும். உதாரணத்துக்கு அது 3200 என்று வைத்துக்கொள்வோம். ஃபேன், ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கம்ப்யூட்டரை மட்டும் ஃபுல் லோடில் ஓடவிட்டு ஒரு நிமிடம் எண்ணுங்கள். வரும் எண்ணை 18.75-ஆல் பெருக்கினால் வாட்ஸ். 16 முறை மின்னினால் 300 வாட்ஸ். பிறகு எந்த வேலையும் கொடுக்காமல் சும்மா விட்டு இன்னொரு முறை எண்ணுங்கள். நாள் முழுக்க ஆன் செய்தே வைத்திருக்கும் கடைகளில் பில்லைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்த இரண்டாவது எண்தான்.