அச்சில் உறைந்த கேள்வி: ஜெலட்டினும் கடற்பாசியும்

வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர், ரமளானில் பிள்ளைகள் மகிழட்டும் என்று ஜெல்லித் தூள் பொட்டலங்கள் சிலவற்றைக் கொண்டுவந்திருந்தார். உறையின் மேல் சிவந்த ஜெல்லியும் அதனுள் மிதக்கும் பழத் துண்டுகளும் அச்சிடப்பட்டிருந்தன. என் பாட்டியார் அதைக் கையில் வாங்கி, “இது எதைக் காய்ச்சி எடுத்தது?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். எவருக்கும் விடை தெரியவில்லை. பொட்டலங்கள் அலமாரியின் மேல்தட்டுக்குப் போயின. அன்றைய இஃப்தாருக்கும் வழக்கம்போல் கடற்பாசியே காய்ச்சப்பட்டது.

பிள்ளைகளாகிய எங்களுக்கு அன்று பெரும் ஏமாற்றம். ஆனால் அந்தக் கேள்வியின் பின்னே எத்தனை நூற்றாண்டுகள் நிற்கின்றன என்பதைப் பிற்காலத்தில் படித்தபோதுதான் அறிந்தேன்.

ஜெலட்டின் என்பது விலங்குகளின் தோல், எலும்பு, தசைநார் ஆகியவற்றிலுள்ள கொலாஜன் என்னும் புரதத்தைப் பிரித்தெடுத்த பொருள். ஐரோப்பியச் செல்வர் இல்லங்களில் கன்றின் கால்களை மணிக்கணக்கில் கொதிக்கவைத்து, கொழுப்பை நீக்கி, முட்டை வெள்ளையால் தெளிவித்து, செம்பு அச்சுகளில் ஊற்றி உறையவைப்பார்கள். வேலையாட்கள் நிறைந்த சமையற்கூடத்துக்கே அது இயலும். ஆகவே விருந்து மேசையில் ஆடி நிற்கும் ஜெல்லி, வீட்டாரின் வசதிக்கும் ஓர் அடையாளமாயிற்று.

அந்த உழைப்பைத் தூளாக்கி விற்கும் எண்ணம் அமெரிக்காவில் பிறந்தது. நியூயார்க்கில் பசை ஆலை நடத்திய பீட்டர் கூப்பர் 1845இல் ஜெலட்டின் இனிப்புக்குக் காப்புரிமை பெற்றார்; எனினும் அதை விற்பதில் அவர் அக்கறை காட்டவில்லை. 1897இல் லெராய் என்னும் சிற்றூரில் பேர்ல் வெயிட் என்பவர் பழச்சுவையும் சர்க்கரையும் கலந்து ‘ஜெல்லோ’வை உருவாக்கினார். வியாபாரம் கைகூடாமல் இரண்டே ஆண்டுகளில் 450 டாலருக்கு அதன் உரிமையை விற்றுவிட்டார். வாங்கியவர் விளம்பரத்தின் வலிமையை அறிந்தவர். அதன்பின் அது வீடுதோறும் நுழைந்தது.

கன்றின் காலை வீட்டிலேயே காய்ச்சிய காலத்தில், அது எந்த விலங்கு என்பது சமைப்பவருக்குத் தெரியும். தூளான பிறகு அந்த அறிவு மறைந்துபோயிற்று. பன்றித் தோலும் தொழிற்சாலைகளுக்குப் பெரிய மூலப்பொருளாயிற்று. பாட்டியாரின் கேள்வி எழுவது இந்த இடத்தில்தான்.

மார்க்க அறிஞர்களிடையே இதில் கருத்து வேறுபாடு உண்டு. ஒரு பொருள் தன் இயல்பை முற்றிலும் இழந்து வேறொன்றாக மாறினால், அதன் சட்டமும் மாறுமா என்பதே விவாதம். இதனை ‘இஸ்திஹாலா’ என்பர். 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி, பன்றியிலிருந்து எடுத்த ஜெலட்டினை உணவில் பயன்படுத்துவது ஆகாது என்று தீர்மானித்தது. 1995இல் குவைத்தில் நடந்த கருத்தரங்கோ, உருமாற்றம் நிகழ்ந்துவிட்டதால் அது தூய்மையானது என்றது. வேதியியல் முறையில் பார்த்தால் கொலாஜன் சிதைந்து ஜெலட்டின் ஆகிறதே தவிர, புரதம் புரதமாகவே நிற்கிறது. இதை முழு மாற்றம் எனக் கொள்ள என் மனம் ஒப்பவில்லை. முடிவு சொல்வது ஆலிம்களின் பொறுப்பு. இன்று ஹலால் முறையில் அறுத்த மாட்டிலிருந்தும் மீனிலிருந்தும் எடுத்த ஜெலட்டின் கிடைக்கிறது என்பதையும் சொல்லவேண்டும்.

நம் வீடுகளில் காய்ச்சும் கடற்பாசி முற்றிலும் வேறு வழியில் வந்தது. செந்நிறக் கடற்பாசிகளைக் காய்ச்சி எடுக்கும் இதற்கு ‘அகர் அகர்’ என்பது மலாய்ப் பெயர். கடைகளில் ‘சைனா கிராஸ்’. பாசிக் கூழை உறையவைத்து உலர்த்தும் முறை 17ஆம் நூற்றாண்டில் ஜப்பானில் தோன்றியது. விடுதிக்காரர் ஒருவர் குளிர்கால இரவில் வெளியே எறிந்த மிச்சக் கூழ் உறைந்து, பின் வெயிலில் காய்ந்து, மீண்டும் காய்ச்சியபோது முன்னிலும் தெளிவாக இறுகியது என்று அங்கே ஒரு கதை வழங்குகிறது.

அறிவியல் உலகம் இதன் அருமையை ஓர் இல்லத்தரசியிடமிருந்து கற்றது. 1881இல் ஜெர்மனியில் வால்தர் ஹெஸ்ஸே என்னும் மருத்துவர், ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் ஜெலட்டின் மீது நுண்ணுயிர்களை வளர்த்துவந்தார். வெப்பத்தில் ஜெலட்டின் இளகியது. சில நுண்ணுயிர்கள் அதையே கரைத்துத் தின்றன. அவர் மனைவி ஃபேன்னி, ஜாவாவில் வாழ்ந்திருந்த அண்டை வீட்டாரிடம் அறிந்த அகரைத் தம் சமையலில் பயன்படுத்திவந்தார். ‘அதைப் போட்டுப் பாருங்கள்’ என்பது அவர் சொன்ன யோசனை. அகர் ஏறத்தாழ 85 பாகை செல்சியஸில்தான் உருகும். 40 பாகைக்குக் கீழே வந்தாலே உறையும். கோக் தம் கட்டுரையில் அகரைக் குறிப்பிட்டார். ஃபேன்னியின் பெயரைக் குறிப்பிடவில்லை.

ஆய்வுக்கூடத்தில் நடந்ததே நம் அடுக்களையிலும் நடக்கிறது. பச்சை அன்னாசி, பப்பாளி, கிவி ஆகியவற்றிலுள்ள நொதிகள் புரதத்தை அறுத்துவிடுவதால், அவற்றைப் போட்ட ஜெலட்டின் எத்தனை மணி நேரம் குளிர்ப்பெட்டியில் இருந்தாலும் தண்ணீராகவே நிற்கும். அகர் புரதமன்று, மாவுப்பொருளின் இனம். அன்னாசி அதை அண்டமுடியாது. பாலில் காய்ச்சும் கடற்பாசியில் மட்டும் பச்சை அன்னாசியைச் சேர்க்கலாகாது, பாலின் புரதம் சிதைந்து கசக்கும். பழத்துக்கு நீரில் காய்ச்சியதே ஏற்றது. 10 கிராம் பாசியை ஊறவைத்து, ஒரு லிட்டர் நீரில் துணுக்குகள் முழுதும் கரையும்வரை கொதிக்கவிட்டு, சர்க்கரை சேர்த்து, இறக்கிய பிறகு பழத்தைப் போடவேண்டும். எலுமிச்சைச் சாறும் இறக்கிய பின்னரே. புளிப்போடு கொதித்தால் பாசி வலுவிழக்கும்.

ஜப்பானிய வரத்து இரண்டாம் உலகப் போரில் நின்றபோது, பல நாடுகள் தத்தம் கரைகளில் பாசியைத் தேடின. நம் மன்னார் வளைகுடாவிலும் அகர் தரும் மரிக்கொழுந்துப் பாசி விளைகிறது. இராமநாதபுரக் கடற்கரைப் பெண்கள், விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி மூழ்கிப் பாறைகளிலிருந்து அதைப் பறிக்கிறார்கள். துணியையும் மீறிக் கைகள் கிழிபடுவதுண்டு. மூட்டைகள் கரையேறி, காய்ந்து, ஆலைகளுக்குப் போகின்றன.

பாட்டியார் மறைந்த பிறகு அலமாரியைத் துடைத்தபோது, அந்தப் பொட்டலங்கள் மேல்தட்டிலேயே இருந்தன.